வெட்டவெளியில் ஒரு தொட்டில்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலைக் காண வருவோர் விமானத்தை அண்ணாந்து பார்த்து, நந்தியின் அருகே சற்று இளைப்பாறி, வந்த வண்டியிலேயே திரும்பிவிடுகின்றனர். கோயிலுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் நிலத்தைக் காண எவருக்கும் பொழுதில்லை. முதலாம் இராசேந்திரன் தன் கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்கு அடையாளமாகச் சோழகங்கம் என்னும் பேரேரியை அங்கேதான் அமைத்தான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அதனை நீராலாகிய வெற்றித்தூண் என வருணிக்கின்றன. அதன் கரை வடக்குத் தெற்காக 16 மைல் நீண்டிருந்ததென 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்பொன்று கூறுகிறது. பொன்னேரி என இன்று வழங்கும் அவ்வேரியைச் சுற்றிலும், மழை குறைந்த ஆண்டின் கோடையில் நோக்கினால், செம்மண் மேடும் முந்திரித் தோப்பும் வேலிக்கருவையுமே கண்ணுக்குத் தெரியும். நண்பகலில் அங்கு நடப்பவருக்கு, இது சோழநாடா பாலைநிலமா என்ற ஐயம் எழுந்தால் வியப்பில்லை.

இத்தகைய நிலங்களில், ஊரிலிருந்து கூப்பிட்டால் கேளாத தொலைவில், கதவில்லாத குடிலொன்றில் கைக்குழந்தையோடு இல்லறம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. நம் வாசகர்களில் நிலமுடையோர் பலர் அவர்களை ஆண்டுதோறும் காண்கின்றனர். தாமே அழைத்து வந்து தம் வயலில் இறக்குகின்றனர். ஆட்டுக்கிடை போடும் கீதாரிக் குடும்பங்களையே கூறுகிறோம். கிடையைப் பற்றி உழவர் நன்கறிவர். அக்கிடையின் நடுவே வளரும் குழந்தைகளைப் பற்றி நாம் பேசிக்கொள்வது மிகக் குறைவு. ஆதலின் இம்மாதம் அவர்களைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

"ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்பது நம் உழவரின் பழமொழி. ஆட்டெருவின் பயன் அந்த விளைச்சலிலேயே தெரியும் என்பது அதன் பொருள். ஆட்டெரு 100 கிலோவில் ஏறத்தாழ 3 கிலோ தழைச்சத்தும், 1 கிலோ மணிச்சத்தும், 2 கிலோ சாம்பல்சத்தும் உண்டென வேளாண் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டுள்ளனர். தொழுவெருவில் தழைச்சத்து அரைக் கிலோவே. கொட்டிலில் ஆட்டை அடைத்து எருவை அள்ளிவந்து கொட்டினால் மூத்திரத்தின் சத்து வீணாகிவிடும். வயலிலேயே இரவு முழுவதும் மந்தையை மடக்கி வைத்தால் இரண்டும் மண்ணுக்குள் இறங்கும். இதுவே கிடையின் சூட்சுமம். இத்தனை ஆடுகள், இத்தனை இரவுகள் என்று கணக்கிட்டுப் பணமாகவோ நெல்லாகவோ கூலி பேசப்படும்.

இத்தொழிலில் உள்ளவர்களுள் பெரும்பாலோர் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து புறப்பட்டவர்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் தாள் நிற்கும் வயல்களை நாடிக் காவிரிப் படுகைக்கு மந்தையை ஓட்டி வருவர். ஆற்றில் நீர் வந்து உழவு தொடங்கினால் வயலை விட்டு மேட்டு நிலம் தேடுவர். சிலர் ஐப்பசிக்குள் ஊர் திரும்புவர்; சிலருக்குத் திரும்பும் ஊரே மறந்துவிட்டது, தலைமுறையாக இங்கேயே சுற்றி வருகின்றனர். கொள்ளிடத்தின் வடகரைக்கும் இவர்கள் புதியவர்கள் அல்லர்.

சோழர் காலத்துக்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவை இவ்விடத்தில் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமெனில் 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பது அக்கால வழக்கம். அவற்றின் பாலிலிருந்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அவர்கள் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இக்கணக்கு விரிவாகக் காணப்படுகிறது. இவ்வாடுகளுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். ஆடு சாகும், மூப்படையும். ஆயினும் செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் காக்க வேண்டியது இடையர் கடமை. அழகான சொல்தான். அக்கணக்கில் ஆடு உண்டு, நெய் உண்டு, இடையர் பெயரும் உண்டு. இடையர் வீட்டுப் பிள்ளை என்ன உண்டது, எங்கே உறங்கியது என்பது அக்கணக்கின் வேலையன்று. மார்கழியில் நம் வீட்டுக் குடிலில் நாம் வைக்கும் பொம்மைகளிலும் ஆடு தோளில் சுமந்த இடையர் இருக்கின்றனர். அவ்விடையரின் மனைவியோ மக்களோ இருப்பதில்லை.

கிடையின் குடும்பம் எவ்வாறு வாழ்கிறது? வயலின் மேட்டுப்புறத்தில் நான்கு கழிகளை ஊன்றி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் வீடு முடிந்தது. மூன்று கற்கள் அடுப்பு. இரண்டு நெகிழிக் குடங்கள், ஓர் அரிசி மூட்டை, துணி மூட்டை, கயிற்றுக் கட்டில் ஒன்று. இக்காலத்தில் கைப்பேசியும், அதற்கு மின்னூட்ட அருகிலுள்ள தேநீர்க் கடையின் தயவும். குழந்தைக்குத் தொட்டில் தாயின் பழைய புடவை. மரம் இருந்தால் கிளையில் தூளி கட்டுவர். மரமில்லாத வயலில் மூன்று கழிகளைக் கூட்டி நிறுத்தி அதில் கட்டுவர். பிறந்து சில நாட்களேயான ஆட்டுக்குட்டிகளுக்கும் அவ்வாறே ஒரு வீடு உண்டு: குடாப்பு எனப்படும் பெரிய கூடைபோன்ற கூண்டைக் கவிழ்த்து அதனுள் குட்டிகளை அடைத்து வைப்பர். நரிக்கும் நாய்க்கும் பருந்துக்கும் அஞ்சி அந்த ஏற்பாடு. குட்டியின் வீடு குழந்தையின் வீட்டைவிட உறுதியாக இருக்கிறதே என்று வெளியார் நினைக்கலாம். அந்தத் தாயிடம் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. குட்டி பிழைத்தால்தான் அவள் குழந்தைக்குச் சோறு.

பொழுது விடியுமுன் குட்டிகளைத் திறந்து, அதனதன் தாயிடம் விட்டுப் பால் ஊட்டுவது பெண்களின் வேலை; பிள்ளைகளும் கூடச் செய்வர். நூற்றுக்கணக்கான ஆடுகளில் எந்தக் குட்டிக்கு எது தாய் என்பதை ஐந்து வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டே பிரித்துவிடுகிறது. பின்னர் ஆண்கள் துரட்டிக்கம்புடன் மேய்ச்சலுக்குச் செல்கின்றனர். தாய் நீர் சுமந்து, சமைத்து, மேய்ச்சல் வெளிக்குச் சோறு கொண்டு சென்று, நோயுற்ற ஆட்டுக்கு மருந்து புகட்டி, இடையிடையே தூளியை ஆட்டுகிறாள். மாலையில் மந்தை திரும்பியதும் வலையைச் சுற்றிக் கட்டி மடக்க வேண்டும். அதன்பின் இராக்காவல். கணவன் கிடையின் ஒருபுறம் விழித்திருக்க, மனைவி மறுபுறம் குழந்தையை அணைத்தவாறே காது விழித்து உறங்குகிறாள். இக்குடும்பத்தில் தந்தையும் தாயும் பிள்ளையும் பகலெல்லாம் ஒரே தொழிலில், ஒரே வெளியில் இருக்கின்றனர் என்பதை நாம் மதிக்கிறோம். அலுவலகத் தந்தையரின் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பதில்லை. ஆயினும் அதனை மட்டும் சொல்லிக் கவிதை பாடுவது நேர்மையாகாது.

சென்ற கோடையில் நாம் சென்று பேசிய ஒரு கிடையில் இரண்டு பிள்ளைகளின் தாயொருத்தி இருந்தாள். வெயில் கடினமாக இருக்குமே என்று கேட்டோம். அவள் சிரித்தாள். "வெயில் என்னங்கய்யா பண்ணும், பழகிப்போச்சு. மழைதான். ராத்திரி மழை புடிச்சுக்கிட்டா குட்டியத் தூக்குறதா, புள்ளையத் தூக்குறதா, நீங்களே சொல்லுங்க" என்றாள். நமக்கு விடை தெரியவில்லை. ஈரத்தில் நின்றால் ஆட்டின் குளம்பு அழுகும். மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் பரவினால் மந்தையே சரியும். ஓர் இரவில் அவள் தேர்ந்தெடுக்க வேண்டியது அன்பிற்கும் செல்வத்திற்கும் இடையே அன்று. இரண்டு பக்கமும் பிள்ளையின் உயிர்தான்.

வெயிலுக்கும் மழைக்கும் அடுத்தபடியாக அஞ்சத்தக்கது பாம்பு. வயல்வெளிகளில் நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் உண்டு. எனினும் தரையில் உறங்கும் குழந்தைக்குப் பெரும் பகை கட்டுவிரியன். அது இரவில் இயங்குவது, அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, வீங்குவதும் அரிது. விடியலில் பிள்ளை வயிறு வலிக்கிறதென்றும், கண்ணிமை திறக்க முடியவில்லையென்றும் சொன்னால் தாய்க்குப் பாம்பு நினைவு வராது. அந்நிலையில் நேரத்தை வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கேடே விளைக்கும். நச்சுமுறி மருந்து மருத்துவமனையில் உண்டு, மந்திரிப்பவரிடம் இல்லை. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோய்களின் வரிசையில் சேர்த்துள்ளது. தரையை விட்டு உயர்ந்த கட்டிலும், பாயின் அடியில் நன்கு செருகிய கொசுவலையும் இக்கடியைப் பெரிதும் தடுக்கும். கிடையில் உள்ள ஒரே கயிற்றுக் கட்டிலில் யார் படுக்கிறார்கள் என்று பார்த்தோம். கீதாரியின் முதிய தந்தை படுத்திருந்தார். அவருக்கும் அது வேண்டியதே, குறை சொல்வதற்கில்லை. வேண்டியது இன்னொரு கட்டில்.

இடியும் அவ்வாறே. சித்திரை, வைகாசியின் கோடை மழையிலும் ஐப்பசியிலும் திறந்த வெளியில் நிற்கும் இடையரை மின்னல் கொல்கிறது. தனிமரத்தின் அடியில் ஒதுங்குவது அதனை அழைப்பதற்கு ஒப்பாகும். வயலுக்கு உரியவர் மோட்டார் கொட்டகையின் திறவுகோலைக் கீதாரியிடம் கொடுத்து வைத்தால் போதும், ஒரு குடும்பத்திற்கு ஒதுங்க இடம் கிடைக்கும். திருட்டுப் போய்விடும் என்று அஞ்சுவோர் நாலைந்து நூறு ஆடுகளை வெட்டவெளியில் விட்டுவிட்டு ஒருவர் ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடுவாரா என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி எழுத்தறிவு. கிடைப் பிள்ளைகள் அறிவிலிகள் அல்லர். எந்தத் தழையை ஆடு தின்னும், எதைத் தின்றால் வயிறு உப்பும், மேகம் எத்திசையில் கூடினால் மழை வரும் என்பனவெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது; கூலிக் கணக்கைப் பிறர் எழுதித் தந்தால் சரிபார்க்கத் தெரியாது. சிலர் பிள்ளைகளை ஊரில் பாட்டியிடமோ விடுதியிலோ விட்டு வருகின்றனர். பாட்டி இல்லாதவர் என் செய்வர்? சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' என்னும் நாவலைப் படித்தோர், கிடையிலேயே வளரும் பெண்மக்களின் வாழ்வு எத்தகையது என்பதை அறிவர்.

நம்மில் பலர் அறியாத ஒன்றுண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை ஆண்டின் எந்த மாதத்திலும் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், பிறப்புச் சான்று இல்லாவிடினும் அதனைக் காட்டி மறுக்க இயலாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்தைத் தனியே கற்பிக்கவும் சட்டம் கூறுகிறது. ஆகவே மாசியில் நம்மூர் வயலுக்கு வந்து சித்திரையில் புறப்படும் ஒரு குடும்பத்தின் பிள்ளை, அவ்விரண்டு மாதமும் நம்மூர்ப் பள்ளியில் உட்காரலாம். மதிய உணவும் உண்ணலாம். அங்கன்வாடியிலும், தற்காலிகமாகத் தங்கும் குடும்பத்தின் குழந்தைக்கு இணை உணவு பெற வழியுண்டு. தடுப்பூசிக்கும் ஊர் எல்லை இல்லை. தட்டம்மைக்கான ஊசியை 9 மாதம் முடிந்ததும் முதல் முறையும், ஒன்றரை வயதையொட்டி மறுமுறையும் எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம். இத்தனையும் சட்டத்தில் உள்ளன. கிடையில் இருப்பவருக்கு இவற்றைச் சொல்பவர் எவர்?

நமக்கு முன்னரே உலகின் வேறொரு கோடியில் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் உள்ள கால்நடைப் பண்ணைகளில், அடுத்த வீடு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது இயல்பு. ஜான் பிளின் என்னும் போதகரின் முயற்சியால் அங்கு 1928-இல் வானூர்தி மருத்துவப் பணி தொடங்கிற்று. பண்ணையிலிருப்போர் மருத்துவரை அழைப்பது எப்படி? ஆல்பிரட் டிரேகர் என்பவர், மிதிவண்டியைப் போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியைச் செய்து தந்தார். மருத்துவத்திற்காக வைத்த அதே வானொலி வழியே பண்ணைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமே என்று அடலெய்டு மீத்கே என்னும் பெண்மணி எண்ணினார். 1951 ஜூனில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி பிறந்தது. அதன் எல்லை 13 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு! வானொலிக்குப் பதில் இன்று இணையம் வந்துவிட்டது. தாயோ அதற்கெனப் பணியமர்த்தப்பட்ட ஒருவரோ பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பாடத்தைக் கவனிக்கிறார்.

இதனை அப்படியே போற்றிவிடவும் இயலவில்லை. அதே பண்ணைகளில் மாடு மேய்த்த பழங்குடி மக்களுக்கு மற்றவரோடு சம ஊதியம் வேண்டுமென்ற தீர்ப்பே 1966-இல்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1968-இன் இறுதியில். பண்ணையாளர் வீட்டுப் பிள்ளைக்கு வானொலி வந்த வேகத்தில் மேய்ப்பவருக்குக் கூலி வரவில்லை.

நம்மிடையேயும் இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. கிடையில் காணும் பிள்ளைகள் எல்லாரும் கீதாரியின் பிள்ளைகள் அல்லர். மருத்துவச் செலவுக்கோ, சாவுச் செலவுக்கோ சில ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிய ஏழைப் பெற்றோர், அக்கடனுக்கு ஈடாகப் பத்து வயதுச் சிறுவனை ஆடு மேய்க்க ஒப்படைத்துவிடுவதுண்டு. காவிரிப் படுகை மாவட்டங்களில் அவ்வாறு சிக்கிய சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை வந்துள்ளன. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதை 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் முற்றிலும் தடுக்கிறது. பள்ளி நேரம் போகத் தன் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று வழங்க வேண்டும். அச்சான்று இருந்தால் பெற்றோரின் அக்கடனும் ஒழியும்.

இவ்வேறுபாட்டைக் காண்பது கடினமன்று. தாயின் மடியில் உண்ட பிள்ளையையும், எல்லாரும் உண்டபின் தனியே தட்டை ஏந்தி அமரும் பிள்ளையையும் வயலுக்கு உரியவர் ஒரே நாளில் பிரித்தறியலாம். "உன் ஊர் எது தம்பி, அம்மா எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டால், முன்னவன் குடிலைக் காட்டுவான், பின்னவன் கீதாரியின் முகத்தைப் பார்ப்பான். பின்னவனைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும். ஊர்ப்பகை வருமே, அடுத்த ஆண்டு கிடை வராதே என்று தயங்குவோர் உண்டு. ஒரு போகத்தின் எருவுக்கு ஈடாக வைக்கப்பட்டிருப்பது என்ன என்பதை அவர்கள் தம் வீட்டுப் பிள்ளையின் வயதைக் கொண்டு கணக்கிடட்டும். அதேபோல், தம் சொந்தப் பிள்ளைகளோடு நேர்மையாக உழைக்கும் கீதாரியை இக்குற்றத்தின் நிழலில் நிறுத்துவதும் தவறு. பெரும்பாலோர் அத்தகைய நல்லோரே.

தை பிறந்ததும் கிடை பேசும் காலம் தொடங்கும். ஆட்டுக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று பேரம் முடிந்து வெற்றிலை மாற்றும்போது, உடன் எத்தனை குழந்தைகள், வயதென்ன என்றும் வயற்காரர் கேட்டு வைக்கலாம். பள்ளியின் தலைமை ஆசிரியர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவரே. ஒரு சொல் சொல்லிவைப்பது பெரிய காரியமன்று. நம் பங்குகளில் மாலைநேரப் பாடம் சொல்லித் தரும் இளம்பெண்கள் சிலர் இருக்கின்றனர். 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலராக இருந்து பழகியவர்களும் அவர்களுள் உண்டு. இல்லமே இல்லாத இடத்திற்கும் அவர்கள் செல்லத் தயங்கமாட்டார்கள். துணைக்கு ஒருவரும் ஒரு மின்விளக்கும் இருந்தால் போதும். வயலில் தரைமட்டக் கிணறு இருப்பின் கிடை இறங்குமுன்னரே முள்வேலி சுற்றிவிட வேண்டும். தவழும் குழந்தைக்குக் கிணறு தெரியாது. மோட்டார் எந்நேரத்தில் ஓடும் என்பதை வீட்டுப் பெண்கள் அந்த அம்மையிடம் ஒருமுறை சொல்லிவிட்டால், குழந்தையைத் தூளியில் தனியே விட்டுவிட்டு அவள் குடத்தோடு ஊர்க் குழாய்க்கு நடக்க வேண்டியிராது.